கொண்டையில் செருகிய பேனா

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எனக்கு முட்டி ஆபரேஷன் நடந்த காலையில்தான் அந்த ஆயாம்மாவைப் பார்த்தேன். குள்ள உருவம், நீலப் புடவை, கொண்டையில் செருகிய மார்க்கர் பேனா. எந்தக் கால் என்று நோயாளி வாயாலேயே கேட்டு, அதில் அம்புக்குறி போடுவது அவர் வேலை.

கபடியில் என் வலது முட்டிச்சில்லு நான்கு முறை நழுவியிருந்தது, கடைசியாக மாமல்லபுரம் மணலில். எலும்பை வெட்டி நகர்த்தி ஸ்க்ரூ போடணும் என்றார் டாக்டர். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுபடி ஆடுவேனா என்று கேட்டால் மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

"எந்தக் காலு பாப்பா?"

"இடது," என்றேன். குழப்பம் வந்தால் இன்றைக்காவது தப்பிக்கலாமே.

அவர் கேஸ் சீட்டைப் பார்க்கவில்லை. வலது முட்டியைப் பொத்தியிருந்த என் கையைப் பார்த்தார்.

"வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது. இன்னா, பயந்துகினியா?"

அழுதுவிட்டேன். அவர் சமாதானம் சொல்லாமல் பேனாவை உருவி என்னிடம் நீட்டினார்.

"நீயே போடு. வேணாம்னா போடாத. டாக்டராண்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

எத்தனையோ முறை யோசிக்காமல் கோட்டைத் தாண்டி ரெய்டு போனவள் நான். விரல் நீளக் கோடு ஒன்றைப் போட அத்தனை நேரம் ஆனது. வலது காலில், கோணலாக.

அவர் பேனாவை வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே அவரேதான் வரைந்தார்.

நான் போடாமலே உட்கார்ந்திருந்தால், நிஜமாகவே டாக்டரிடம் போய்ச் சொல்லியிருப்பாரா?