வயிற்றில் கட்டிய அரிசி

எங்கள் ஊர்ப் படிப்பகம் ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போட முடிவு செய்தபோது, கேரள எல்லைக் கதைகளை எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனது நான் ஒருத்திதான். அச்சில் என் பெயர் வர வேண்டும் என்ற ஆசையை மறைக்கவில்லை.

எல்லையைத் தாண்டிய ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அம்மாவின் அக்கா. கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருக்கிற பெரியம்மா. அரிசியைக் கேரளத்துக்குக் கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில், அவளும் கூட வேலை பார்த்த முந்திரி ஆலைப் பெண்களும் அதை வயிற்றில் கட்டி, பிள்ளைத்தாய்ச்சி போல பஸ் ஏறுவார்களாம்.

"எப்படிக் கட்டுவிய?"

"பழைய சேலையில பை தைச்சு. உட்காரும்போ இடுப்பைப் பிடிச்சு ஒரு மூச்சு விடணும், கேட்டியா. கண்டக்டரே ஆளை எழுப்பி இடம் தருவான்."

சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஏன் நிறுத்தினாள் என்று கேட்டதும் சிரிப்பு நின்றது.

ஒருநாள் எல்லையிலுள்ள களியக்காவிளைக்குப் போகிற பஸ்ஸில், முந்தின வாரம் அவளைப் பெண் பார்த்துப் போன மாப்பிள்ளையின் அக்கா ஏறியிருக்கிறாள். வயிற்றைப் பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அரிசிண்ணு காதுல சொல்லியிருக்கலாமே?"

"போலீசு பக்கத்துல நிக்கான். நான் வாயத் திறந்தா அரிசி கட்டியிருந்த அத்தன பேரும் மாட்டுவாளுவ."

"பிறகு?"

"பிறகு சொன்னேன். மறுநாளு வயிறும் இல்ல, கலைச்சுட்டாண்ணு பேச்சாச்சு. அது இன்னும் மோசமாப் போச்சு மக்கா."

சம்பந்தம் முறிந்தது. அடுத்து வந்தவர்களும் விசாரித்துவிட்டு திரும்பி வரவில்லை.

புத்தகக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. "கடத்தலெல்லாம் வரலாறா? நம்ம ஊர்ப் பழைய கோட்டைச் சுவரைப் பற்றி எழுதும்மா" என்றார்.

"சுவரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்காங்க சார். இதை நான் எழுதலைன்னா யாரும் எழுத மாட்டாங்க."

கடைசியில், பெயர் போடாமல் 'ஒரு பெண்' என்று எழுதச் சொன்னார். அதைப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

"ஒரு பெண்ணுண்ணா யாருண்ணு எப்பிடித் தெரியும்? எனக்க பேரு, எனக்க அப்பனுக்க பேரு, ரெண்டும் போடு."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

புத்தகம் வந்த அன்று பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "எனக்க பேரு எது?" காட்டினேன். "அரிசிண்ணு எழுதினது எது?" அதையும் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்து, பக்கத்தின் ஓரத்தை மடித்தாள்.

பிறகு வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அந்த மாப்பிள்ளையின் அக்கா இப்போது புதுக்கடை ஊரில் மகனுடைய கடையில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"நானும் வரணுமா?"

"நீ வராம அவளுக்கு யாரு வாசிச்சுக் காட்டுவா? வீட்ட விட்டு எறங்கு ஏட்டி, பஸ்சு போயிரும்."