கேட்காமல் எழுதிய அத்தியாயம்

போன செவ்வாய்க்கிழமை என் தீசிஸை ஒப்படைக்க வேண்டிய நாள். திருவனந்தபுரம் போனேன். ஒப்படைக்காமலே திரும்பினேன். வரும்போது பஸ்ஸில் அப்படி ஒரு தூக்கம்... நாகர்கோவிலில் கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று.

ஏன் என்கிறீர்களா?

நான் காலேஜில் காமர்ஸ் லெக்சரர் என்பதும், மூன்று வருஷமாக 'வியாபாரத்தில் நேர்மை' பற்றி ஆராய்ச்சி செய்வதும் உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் அதைக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம். நான்காம் அத்தியாயம் கலப்படம் பற்றியது. கோட்டாற்றுக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் சுண்ணாம்பு கலந்து எடை கூட்டுகிறார் என்று எழுதியிருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நானும் ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன் — அடியில் வெள்ளையாகப் படிந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

பெயர் போடவில்லை. ஆனாலும் டைப் அடித்துக்கொண்டிருந்த செல்லப்பா பாதியில் நிறுத்திவிட்டார்.

"இது மீரான் சாகிபு கடைல்லா சார்? அவருகிட்ட கேட்டியளா?"

கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட.

மறுநாள் காலையிலேயே கோட்டாறு போனேன். சாகிபின் முன்னால் உட்கார்ந்து அந்தப் பக்கங்களை நானே வாசித்தேன். அவர் கோபப்படவில்லை. முகம் மட்டும் சிறுத்துப்போயிற்று. எழுந்து போய் ஒரு மண்கலயத்தை எடுத்து வந்து காட்டினார். உள்ளே முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு. அக்கானி — பதநீரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம் — புளிக்காமல் இருக்கப் பனையேறிகள் தடவுவதாம். அதில் கொஞ்சம் கருப்பட்டியிலும் தங்கிவிடும். பக்கத்துக் கடையில் ஒரு துண்டு வாங்கிவரச் சொல்லிக் கரைத்தார். அதிலும் அதே வெள்ளை! பனை நிறைந்த இராஜாக்கமங்கலம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நெல்வயலையும் புத்தகத்தையும் மட்டும் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சாரே," என்றார். "இது அச்சாயி வந்திருந்தா நான் கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

திருவனந்தபுரம் பஸ்ஸில், நம்ம பக்கம் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா இல்லையா என்று ஒரே சத்தம். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நான்காம் அத்தியாயம் போனால் முடிவுரையும் போகும். வேலையும் போனால்?

என் கைடு புரொபசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாராவது புகார் செய்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வெகுநேரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசம் தாறேன்," என்றார் கடைசியில். "அந்த மனுஷர் கடையில போய் உட்காரும். வாங்குறதையும் விக்குறதையும் பாரும். பிறகு எழுதும்."

வேலை போகவில்லை. நிரந்தரமாவது மட்டும் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்றார் பிரின்சிபால். போகட்டும்! மூன்று நாளாகச் சோற்றில் கை வைக்காத மனுஷர் இன்றைக்கு இரண்டாம் தடவை ரசம் கேட்கிறாரே, அது போதும் என்றாள் என் மனைவி.

மறுநாளே சாகிபு கடையில் போய் உட்கார ஆரம்பித்துவிட்டேன். நேற்று, அதுவரை பார்த்ததை வைத்துப் புது அத்தியாயத்துக்கு எழுதின முதல் நாலு பக்கத்தைச் சாகிபுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கொஞ்சம் நெளிந்தார்.

"நான் இம்புட்டு நல்லவன் இல்ல சாரே... கொஞ்சம் கொறச்சு எழுதுங்க."