வலைக்குப் போட்ட ஒயின்

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்தபோது, கப்பலிலிருந்து சரக்கு ஏற்றி வந்த படகு ஒன்று முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. மறுநாள் காலை எங்கள் குப்பத்துக் கரையில் ஒரு பீப்பாய் ஒதுங்கிக் கிடந்தது. என் தம்பி கோடாலியால் அதன் மூடியைப் பிளந்தான். உள்ளே கருஞ்சிவப்பாய் ஏதோ தளும்பியது.

பருத்தி வலை உப்புநீரில் இற்றுப்போகாமல் இருக்க, வேலம்பட்டையைக் காய்ச்சிய துவர்ச்சாற்றில் நாங்கள் அதை ஊறவைப்போம். சாறு பதமா என்று நாக்கில் வைத்துத்தான் பார்ப்போம். குப்பத்தில் எல்லோரும் நம்பியது என் தம்பியின் நாக்கை. அவன் ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்தான்.

“இன்னாடா அது?”

“நாக்கை அப்பிடியே இழுத்துப் புடிக்குதுண்ணா. துவர்தான். கப்பல் பாய்க்குப் போடக் கொண்டாந்திருப்பானுங்க.”

“புளிச்ச வாடை வருதே.”

“பழசாயிருக்கும். பட்டை வெட்டுற வேலை மிச்சம்னு கும்பிட்டுக்கோ.”

சாராய வாடை எங்களுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. பெரிய மண் மிடாக்களில் ஊற்றிக் குப்பத்து வலைகளையெல்லாம் அதில் அமுக்கினோம்.

உச்சிவெயிலில் சிப்பாய்கள் வந்தார்கள். காலிப் பீப்பாயைக் கண்டதும் அதிகாரி ஆண்களை வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்க வைத்தான். தம்பியின் நாக்கு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் இடித்தார்கள். பற்கள் மணலில் விழுந்தன. பனைமரத்தில் கட்டிச் சாட்டையால் விளாசினார்கள். முதுகுத் தோல் கிழிந்து தொங்கியது.

சிப்பாய்களில் ஒருவன் இத்தாலி தேசத்தான். வெகுநாள் இங்கே இருந்து நம் பேச்சைப் பழகியவன். அவன்தான் கத்தினான்: “கவர்னருக்கு வந்த ஒயினு! யார் யார் குடிச்சீங்க? சொல்ற வரைக்கும் அடி நிக்காது. இவன் செத்தாலும் நிக்காது.”

“குடிக்கல சாமி” என்று தம்பி முனகினான்.

வேறு யாரும் வாய் திறக்கவில்லை. வலையைக் காட்டினால் வலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்குப் பேச்சு வராது. அடுத்த அடியில் தம்பியின் தலை தொங்கிவிட்டது. நான் ஓடிப்போய் மிடாவிலிருந்து ஒரு வலையை உருவி, இத்தாலிக்காரன் காலடியில் போட்டேன்.

“வலைக்குப் போட்டோம்” என்றேன்.

அவன் முகர்ந்தான். வலையின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினான்.

“அலியானிக்கோ” என்றான். “எங்க ஊர் மலையில விளையுற கறுப்புத் திராட்சை. இந்தத் துவர்ப்பு அடங்கணும்னு வருசக்கணக்கா காத்துக் கெடப்போம். அதைப் போய் மீன் நாத்தத்துல ஊத்தினியா?”

சிரித்துக்கொண்டே என் வயிற்றில் உதைத்தான். பிறகு அதிகாரியிடம் ஏதோ சொன்னான். அதிகாரியும் சிரித்தான். சாட்டை நின்றது. மிடாக்களை உடைத்து வலைகளைக் குவித்தார்கள். ஈர வலை பற்றவில்லை என்று எங்கள் கூரைகளைப் பிய்த்துப் போட்டு எரித்தார்கள். தன் வலைமேல் விழுந்து புரண்ட ஒரு பெண்ணை முடியைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள்.

அவர்கள் போனதும் தம்பியை அவிழ்த்து மணலில் குப்புறப் படுக்க வைத்தேன். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தான்.

“வலை?”

“எரிச்சிட்டானுங்க. நான்தான் காட்டுனேன்.”

“இன்னும் நாலு அடி தாங்கியிருப்பேன்டா, பாவி” என்று கையை ஊன்றி எழுந்து என் கன்னத்தில் அறைந்தான். அந்த அடியில் பலமே இல்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற குப்பத்து ஆண்கள் அடித்த அடியில் இருந்தது.