தாமதமே இல்லாத மோதல்

அப்பா இறந்த அன்று, போடியில் எங்கள் வீட்டு வாசலில் நானும் அண்ணனும் கைநீட்டி நின்றிருந்தோம். ஏலக்காய்த் தோட்டங்களிலிருந்து ஜீப்பு ஜீப்பாக வந்து இறங்கியவர்கள் எங்கள் கைகளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மனதில் என் ஆராய்ச்சிக் கணக்குதான் ஓடியது: ஒரே கோட்டில் மோதவரும் பல துகள்கள், இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும் நிலையாற்றல்.

காரியத்துக்கு வருவதாகச் சொல்லி மறுநாளே ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை வந்த அண்ணன், பேச வேறு எதுவும் இல்லாமல், "அங்க என்ன சோலிதான்டா பாக்குறே?" என்றான். வேறு நாளாயிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அன்று அதற்கும் தெம்பில்லை.

"சின்னச் சின்னத் துகளுங்கண்ணே. கிட்ட வர வர ஒண்ண ஒண்ணு தள்ளும். ஆனா வந்த வேகமெல்லாம் அப்படியே இருக்க, பிரிஞ்சு போயிரும். கொஞ்சம்கூடத் தாமதம் ஆகாது. அதுக ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டதாவே தெரியாது."

அண்ணன் மலையைப் பார்த்தான்.

"அப்ப எதுக்குடா கிட்ட வந்துச்சு?"

பஸ்சு சரியான நேரத்துக்கு வந்தது. ஏறிக்கொண்டேன்.