ஐயாதுரை ஃபிட்டரின் காது

பெரியப்பா ஐயாதுரை 1932-இல் செட்டியார்பட்டியில் பிறந்தார். 1953-இல் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் சேர்ந்து, 1990-இல் ஃபிட்டராக ஓய்வு பெற்றார். 1957 ஆவணியில் தேவதானத்துக் குருவம்மாளை மணந்தார். பிள்ளைகள் இல்லை. இவை குடும்பக் குறிப்பேட்டில் உள்ளவை. மற்றவை அருகிருந்தோர் சொல்லி, நான் கேட்டுச் சரிபார்த்தவை.

ஓடும் இயந்திரத்தின் அருகே கண்ணை மூடி நின்று, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று விரலை நீட்டுவார். கழற்றிப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். தெருவில் அவர் பெயரே ‘காதுக்காரர்’.

முப்பது ஆண்டு இரைச்சலில் அந்தக் காது போய்விட்டது. அது எவருக்கும் தெரியவில்லை. மில்லுக்குள் யாரும் குரலை நம்பிப் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். பெரியப்பாவும் அப்படியே பிடித்துக்கொண்டார். பேரிங்கைக்கூட, இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் கை வைத்து அதிர்வில் கண்டுகொண்டார். தமக்குக் கேட்கிறது என்றே நம்பினார்.

பெரியம்மாவுக்கு மட்டும் தெரியும். 1984-இல் அவரை வற்புறுத்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு நாலைந்து சொற்கள் சொன்னார். பெரியப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பெரியப்பா சீறினார். “வாயப் பொத்திக்கிட்டுப் பேசுனா எவனுக்குக் கேக்கும்? இவன்லாம் ஒரு டாக்டரு!”

அவர் முகத்தைப் பார்த்த பெரியம்மா, “ஆமா, எனக்குமே ஒண்ணும் கேக்கல” என்றார். டாக்டர் எழுதித் தந்த காதுக் கருவியை வாங்கவில்லை. அன்று முதல் பெரியம்மா அவர் எதிரே வந்து நின்றே பேசினார். பின்னாலிருந்து அழைப்பதை நிறுத்திக்கொண்டார்.

1992 ஐப்பசியில் ஒரு காலை, பத்து மணிக்குப் பெரியம்மா புறவாசல் கிணற்றில் தண்ணீர் இறைக்கையில் வழுக்கி உள்ளே விழுந்தார். மோட்டார்க் குழாயைப் பற்றிக்கொண்டு கூவினார். பெரியப்பா தெருவைப் பார்த்தபடி முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பசித்த பிறகு, பன்னிரண்டரைக்குத்தான், புறவாசலுக்குப் போனார்.

மூன்றாம் நாள் அடுத்த வீட்டுத் தங்கபாய் அவர் எதிரே உட்கார்ந்து அழுதாள்.

“மதினி கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு அண்ணாச்சி. அம்புட்டுக் காது உள்ள மனுசன் வீட்டுல இருக்காகளே, நாம எதுக்குப் போவணும்னு இருந்துட்டேன். மூணு தடவ கூப்பிட்டாக...”

பெரியப்பா அதுவரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘மூணு தடவ’ என்றதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் எழுந்து போகும்வரை திரும்பவில்லை.

பிறகு எங்களிடம் சொன்னார்: “அவ கூப்பிடவே இல்ல. கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்காமப் போகுமா?”

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். சாகும்வரை சொன்னார். தங்கபாய் தெருவில் எதிர்ப்பட்டால் தலை குனிந்துகொள்வார்.

அவர் இறந்தது 1999-இல். பெரியம்மாவோடு வாழ்ந்தது முப்பத்தைந்து ஆண்டுகள். பெரியம்மா இல்லாமல் ஏழு.