மணிக்கு ஒரு மூஞ்சி

மணியக்கா ஐந்தாம் வகுப்பு எடுத்த வரைக்கும், பக்கத்து அறையில் நான் நான்காம் வகுப்புக்கு உருப்படியாக ஒரு கணக்குக்கூட நடத்தியதில்லை. வருடக் கடைசி மாதம் வந்தால் அங்கே ஒரே கூத்து. மணி அடித்ததும் அக்கா வெளியே போவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஹைஸ்கூல் கணக்கு சாராக உள்ளே வருவார். அடுத்த மணிக்கு நிமிடத்துக்கு ஒருமுறை தும்மும் அறிவியல் டீச்சர். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மணியக்கா என்ற பெயரே அதனால் வந்ததுதான். அவர் ஓய்வு பெற்றபின் அந்த அறையில் சத்தமே இல்லை. எனக்குத்தான் வெறிச்சென்று இருக்கிறது.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் கேட்டேவிட்டேன். "எதுக்குக்கா இந்த வேஷமெல்லாம்?"

"இங்க நாள் பூரா என் ஒரு மூஞ்சிதான். ஹைஸ்கூல்ல மணிக்கு ஒரு மூஞ்சி வரும். பிள்ளைங்க மிரளக்கூடாதில்ல?"

அந்த வருடம் தையல்காரரின் இளைய மகள் அவர் வகுப்பில் இருந்தாள். சரியான வாயில்லாப்பூச்சி. அவள் அப்பா வந்து பட்டென்று சொல்லிவிட்டுப் போனார்: "பெரியவ ஹைஸ்கூல் போயி ஒரே மாசத்துல அழுதுட்டு வந்துட்டா. இப்ப கடையில பொத்தான் தைக்கிறா. இவளும் அழுதா அவ பக்கத்துலயே உக்கார வெச்சிடுவேன், டீச்சர்."

அவர் கெட்டவர் இல்லை. ஒரு தடவை பட்டவர், அவ்வளவுதான்.

அந்த மாதம் முழுக்க எந்த வேஷத்தில் வந்தாலும் அக்கா அவளிடம்தான் கேள்வி கேட்டார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளே தவிர, ஒரு வார்த்தை வராது. அக்காவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஹைஸ்கூல் திறந்த அன்று மாலை, "வா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே கேட்டருகே கணக்கு சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நிஜமாகவே அவர் கண்ணாடி மூக்கு நுனியில்தான் இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன டீச்சர், உங்க பிள்ளைங்க இப்படி இருக்குதுங்க? நான் உள்ள நுழையறேன், ஒரே சிரிப்பு. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு அதட்டினேன். ஒரு பொண்ணு மட்டும் எழுந்து, எங்க டீச்சர் செஞ்சு காட்டின மாதிரியே வர்றீங்க சார்னு சொல்லுது."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க சார். எந்தப் பொண்ணு?"

"அதான், தையல்காரர் பொண்ணு."

அக்கா என் கையை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தார்.

சற்று நேரத்தில் அவளே வந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு புதுத் தோழிகள். தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே, கைக்கெட்டும் தூரத்தில் எங்களைக் கடந்து போனாள். ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவளுக்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவர் இங்கே நிற்கிறாரே. கூப்பிட வாயெடுத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா என்னைத் தடுத்தார்.

"கூப்பிடாத. பேசிக்கிட்டு இருக்கா பாரு."