விளம்பரப் பலகையில் ராக்கம்மையின் மகள்

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலையில், சிக்னலுக்குப் பக்கத்தில், போன மழைக்காலத்தில் ஒரு பள்ளியின் பெரிய விளம்பரப் பலகை நின்றது. இரட்டைப் பின்னலும் சிவப்பு ரிப்பனுமாக ஒரு தமிழ்ப் பெண்குழந்தை அதில் வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘உலகமே எங்கள் வகுப்பறையில்’ என்று தலைக்கு மேலே எழுதியிருந்தது. அந்தக் குழந்தை அந்தப் பள்ளியில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. அவளைச் சேர்க்க முடியாது என்று சொன்னதே அந்தப் பள்ளிதான். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நான் இதைப் பொறுமையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குழந்தையின் அம்மா ராக்கம்மை, தேவகோட்டைக்காரி. கணவர் வயிரவனுக்கு டான் சோன் நாட் விமான நிலையத்தில், சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் வேலை. அவரோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சைகோனில் வந்து இறங்கியபோது அவளுக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. நான் ஜெயம், காரைக்கால்காரி. விமான நிலையத்துக்கு எதிரே டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். அவர்கள் குடிவந்த அடுக்குமாடியில் நான் கீழ்வீடு. வந்த மறுநாளே கதவைத் தட்டி, “அக்கா, இங்க உளுந்து எங்க கிடைக்கும்?” என்று கேட்டாள். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

வேதியியலில் முதுகலை படித்தவள். வியட்நாமியம் கற்றுக்கொள்ள வகுப்புக்குப் போகவில்லை. சந்தையில் சண்டை போட்டே கற்றுக்கொண்டாள். கீரைக்காரி எடையில் கையை வைத்தால் தராசை வாங்கித் தானே நிறுப்பாள். மறுநாள் அதே கீரைக்காரிக்கு வெள்ளைப் பணியாரம் கொண்டுபோய்க் கொடுப்பாள். பென் தான் சந்தைப் பக்கம் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் ஸ்கூட்டரில் போய்விடுவாள். அந்த நெரிசலில் நான் வண்டியே எடுக்க மாட்டேன். அவள் ஆரனை அழுத்திக்கொண்டு, தேவகோட்டைத் தமிழில் திட்டிக்கொண்டு போவாள்.

மகளுக்கு மாமியாரின் பெயர், தெய்வயானை. மாமியார் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் அவள் மகளை ‘ஆத்தா’ என்றே அழைத்தாள். அதனால் எங்கள் மாடியில் எல்லோருக்கும், காவலுக்கு இருக்கும் வியட்நாமியக் கிழவர் உட்பட, அந்தக் குழந்தை ஆத்தாதான்.

ஆத்தாளுக்கு நாலு வயது ஆனதும் பள்ளிக்கூடம் தேடும் படலம் ஆரம்பித்தது. மொழிக்கு உதவியாக நானும் கூடவே அலைந்தேன். ஓர் இடத்தில் குழந்தைகளை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு ஆசிரியை போனில் இருந்தாள். இன்னொன்றில் ஆங்கிலேய ஊரின் பெயரை வாசலில் எழுதிவைத்திருந்தார்கள். உள்ளே இருந்த வெள்ளைக்கார ஆசிரியர் ஆங்கிலத்தை எங்களைவிடத் தடுமாறிப் பேசினார். எங்கள் சந்துக்குள்ளேயே ஒரு சின்ன மழலையர் பள்ளி இருந்தது. நல்ல ஆசிரியை, சுத்தமான சமையல். ஆனால் ஓடியாட இடமில்லை. வண்டி நிறுத்தும் இடம்தான் மைதானம். “பிள்ளை ஓடணும்க்கா” என்று ராக்கம்மை அதை ஒதுக்கிவிட்டாள்.

கடைசியில் பூ மி ஹங் என்ற வசதியான பகுதியில் ஒரு பள்ளி. பெயரைச் சொல்ல மாட்டேன், அதற்கு இன்னும் ஒரு விளம்பரம் என் கையால் வேண்டாம். மணல்தொட்டி, மரநிழல், பெரிய கண்ணாடிக் கதவு. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்திலேயே குழந்தைகளுக்கு மட்டும் மஞ்சள் வண்ணத்தில் ஒரு சின்னக் கதவு. பெரியவர்கள் குனிந்தாலும் நுழைய முடியாது. ஆத்தா அதற்குள் போவதும் வருவதும், மறுபடி போவதும் வருவதுமாக இருந்தாள். அந்தக் கதவிலேயே ராக்கம்மையின் மனம் விழுந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

சேர்க்கைக்குப் பொறுப்பாக இருந்தவர் எலென். பிரான்சில் வளர்ந்து திரும்பிவந்த வியட்நாமியப் பெண். ஆத்தாளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது. “எங்களிடம் இன்னும் ஓர் இந்தியக் குழந்தைகூட இல்லை” என்று, அலமாரியில் ஒரு பொம்மை குறைவதைப்போலச் சொன்னார். கட்டணத்தில் சலுகை தருவதாகவும் சொன்னார். புகைப்படக்காரர் ஒருவர் எங்கிருந்தோ வந்து, மஞ்சள் கதவில் தலையை நீட்டிச் சிரித்த ஆத்தாளைப் படமாக எடுத்துத் தள்ளினார். ஏதோ ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், ராக்கம்மை போட்டாள். பார்வையாளர் எல்லோரும் போடுவதுதான் என்றார்கள். திங்கட்கிழமை வந்து ஒருநாள் வகுப்பில் இருந்து பார்க்கட்டும், பிறகு சேர்த்துவிடலாம் என்று பேச்சு முடிந்தது.

இங்கேதான் ராக்கம்மை, நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். அந்த வருடத் தொடக்கத்தில் ஆத்தாளுக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய், ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து எழுந்தால் முடியிறக்குகிறேன் என்று ராக்கம்மை மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகும்போது செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தது. பள்ளி முடிவானதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“சாமிக்குச் சொன்னதைச் செய்யாம பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விடக் கூடாதுக்கா. முத முதல்ல போறா. சுத்தமாப் போகட்டும்.”

வெள்ளிக்கிழமை காலையில், சந்து முனையில் சுவரில் கண்ணாடி மாட்டி முடிவெட்டும் பெரியவரிடம் ஆத்தாளைக் கூட்டிப்போனோம். அவர் புது பிளேடு மாற்றி, பாட்டுப் பாடிக்கொண்டே வழித்தார். ஆத்தா அழவே இல்லை. குளிப்பாட்டி, ஊரிலிருந்து வந்த சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுக்கப் பூசிக் கோயிலுக்குப் போனோம். அங்கே ஊதுபத்தியோடு நின்ற வியட்நாமியப் பெண்கள் குழந்தையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தி கையிலிருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தாள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆத்தா மஞ்சள் கதவுக்குள் ஓடினாள். நாங்கள் கண்ணாடிக் கதவு வழியாக நுழைந்தபோது, வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த நிமிடம் பள்ளியின் நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். ஆமாம், கையுறை! குழந்தையை வகுப்புக்கு விடாமல் ஒரு தனி அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, பேனா விளக்கை அடித்து அவள் மண்டையைப் பார்த்தாள். பேன் இருந்ததா, சொறியா, ஏதாவது மருந்து தடவியிருக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டாள். நான் வேண்டுதல் என்று விளக்கினேன். மாரியம்மன் கோயிலை அவளுக்குத் தெரிந்திருந்தது. முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் எலென் வந்ததும் அவள் தரையைப் பார்த்தாள்.

எலென் கதவருகிலேயே நின்று பேசினார். “மற்றப் பெற்றோர் சங்கடப்படுவார்கள். டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிவாருங்கள்.”

“இது எங்கள் வழக்கம், நோய் இல்லை” என்றாள் ராக்கம்மை ஆங்கிலத்தில்.

“நாங்கள் எல்லாக் கலாச்சாரங்களையும் மதிக்கிறோம்” என்றார் எலென். “நவம்பரில் கலாச்சார தினம் வைத்திருக்கிறோம். அன்றைக்கு இவள் இப்படி வந்தால் மிக அழகாக இருக்கும்.”

ஒரு குழந்தையின் தலைக்கு மேலே நின்றுகொண்டு இதைச் சொல்ல ஒரு மனுஷிக்கு எப்படி வாய் வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சான்றிதழும் வாங்கிக் கொடுத்தோம். தலையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து எலென் வயிரவனுக்குப் போன் செய்தார். முடி வளரும்வரை தொப்பியோடு அனுப்பினால் யோசிக்கலாம், இல்லையென்றால் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது என்றார். வயிரவன் சாதுவான மனிதர். மேலதிகாரி, காவல்காரர், கிராப் டாக்சி ஓட்டுநர் எல்லோரிடமும் ‘சரிங்க’ சொல்லிப் பழகியவர். பென் தான் சந்தைக்குப் போய், பூ வைத்த ஒரு தொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“ரெண்டு மாசம்தானே ராக்கு. தொப்பி போட்டா என்ன குறைஞ்சு போயிரும்?”

“வெயிலுக்குத் தொப்பி போடுவேன். ஒளிக்கிறதுக்குப் போட மாட்டேன்” என்றாள் அவள். “அவ என்ன திருடிக்கிட்டா வந்தா?”

“அங்கதான் போகணும்னு பிள்ளை அழுகுதுல்ல?”

அது உண்மைதான். ஆத்தா தினமும் சின்னக் கதவைக் கேட்டாள். அப்பாவின் கையிலிருந்த தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, “இப்ப நான் நல்லாயிருக்கேனா? இப்பப் போலாமா?” என்றாள். ராக்கம்மை எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். தொப்பியோடு அனுப்பவில்லை. இடமும் போனது. ஆத்தா சந்துக்குள் இருந்த பள்ளியில் சேர்ந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். மழைக்காலம் பாதி போன சமயம், ஒரு சாயங்காலம், ராக்கம்மை ஸ்கூட்டரில் மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு சிக்னலில் நின்றாள். பின்னால் நான். ஆத்தா கையை உயர்த்திக் காட்டினாள்.

“அம்மா, அங்க பாருங்க, நானு!”

பலகையில் ஆத்தா சிரித்துக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு விழுந்தது, பின்னால் நின்ற அத்தனை வண்டியும் ஆரன் அடித்தது, ராக்கம்மை நகரவில்லை.

“அப்ப நான் அங்கதான் படிக்கிறேனா?” என்று குழந்தை கேட்டாள்.

போனில் கேட்டபோது, அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட தாளில் படத்துக்கும் சம்மதம் இருக்கிறது என்றார்கள். எல்லாம் முறைப்படி நடந்ததாம். மொட்டைத் தலைக்கு ஆகாத பள்ளிக்கு அவள் பின்னல் மட்டும் வேண்டியிருந்தது. வயிரவனே அன்றைக்கு முதன்முறையாகக் குரலை உயர்த்தினார்.

அடுத்த சனிக்கிழமை, புதிய பெற்றோர் வந்து பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் நாள். ராக்கம்மை மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள், நானும் கூடப் போனேன். தொப்பி இல்லை, முடி அப்போது ஒரு விரற்கடை வளர்ந்து, சீப்புக்கு அடங்காமல் நின்றது. வாசலிலும் அதே படத்தை ஆளுயரத்துக்கு அட்டையில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். அதன் பக்கத்தில் மகளோடு போய் நின்றாள்.

“அக்கா, இங்கிலீஷ்ல பேசுனா எனக்கு மரியாதை தானா வந்துரும். நான் தமிழ்ல சொல்றேன். நீங்க அந்தம்மாவுக்குச் சொல்லுங்க.”

எலென் வேகமாக வந்தார். சுற்றிலும் குழந்தைகளைக் கையில் பிடித்தபடி பெற்றோர் நின்றார்கள். ராக்கம்மை பேசினாள்: “இது என் மக. இந்தப் படத்துல இருக்கிறதும் என் மக. சாமிக்கு முடி கொடுத்தாள்னு இவளைத் தனி ரூம்புல அடைச்சு வச்சீக. நோயாளின்னீக. டாக்டர் இல்லைன்னாரு, அப்பவும் வேணாம்னீக. இப்ப இவ மூஞ்சியை வச்சுக் கூவி விக்கிறீக.”

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. வியட்நாமியத்தில், கடைசி ஆள்வரை கேட்கும்படி சொன்னேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஓர் இளம் அப்பா கையிலிருந்த பள்ளிப் பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

எலெனின் முகம் வெளுத்தது. அவர் ராக்கம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு, தவறு நடந்துவிட்டது, திங்கட்கிழமையே ஆத்தா வரலாம், கட்டணமே வேண்டாம் என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆத்தா அதற்குள் மஞ்சள் கதவில் நுழைந்து உள்ளே போயிருந்தாள். மணல்தொட்டியிலிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. ராக்கம்மையின் கண் அந்தக் கதவையே பார்த்தது. ‘சரி’ என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நானும் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். “படத்துல இருக்கிற பிள்ளையைத்தான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு. அதையே வகுப்புல உக்கார வச்சுக்கங்க. இவ என் பிள்ளை.”

ஆத்தா வர மறுத்து அழுதாள். ராக்கம்மை அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியாக வெளியே வந்தாள். வீடு வரைக்கும் குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. அந்த வாரமே பலகையும் அட்டையும் போய்விட்டன. அதை வெற்றி என்று சொன்னால் எனக்கே பொய்யாகத் தெரிகிறது. நாலு வயதுப் பிள்ளையிடமிருந்து ஒரு கதவைப் பிடுங்கிவிட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது.

அன்று மாடியேறும்போது ஆத்தா விம்மலுக்கு நடுவே கேட்டாள். “நான் மொட்டை போடாம இருந்தா உள்ள விட்டிருப்பாகளா, அம்மா?”

ராக்கம்மை படியில் உட்கார்ந்து, அந்த முள்முடித் தலையைத் தன் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

“விட்டிருப்பாக, ஆத்தா. அதுக்குத்தான் வேணாம்னேன்.”